விசில் என் கழுத்துல

நாகவல்லிக்கு சிவராஜ் எழுதுறது. நீ சுகந்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

போன்ல சொன்னாப் பதறுவே, அதான் ஊருக்கு வர்ற சேதுபதி அண்ணன்கிட்ட இதைக் கொடுத்துவிடுறேன். நம்மூர்ல சென்ட்ரிங் வேலைக்குப் போறப்ப தலையில ஈரத்துண்டு கட்டுவேன்ல, துபாய்லயும் அப்படியே கட்டினேன். இங்க கடல்காத்துல ஒரே புழுக்கம். துண்டும் காயல, வேர்வையும் காயல, உடம்புச் சூடு எங்குட்டும் போக வழியில்ல. லேசாத் தலை சுத்துச்சு, அம்புட்டுத்தான். கூட இருந்தவுக ஏசி ரூம்ல படுக்கவச்சு, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி கொடுத்தாக. எந்திரிச்சுட்டேன்.

இனிமேதான் விஷயமே. ஒருதடவை விழுந்தவன் கவனமா இருப்பான்னு சூப்பர்வைசர் விசிலை என் கழுத்துல மாட்டிட்டாரு. புழுக்கம் ஏறுனா நான் ஊதுவேன், எஞ்சினியர் உள்பட எல்லாரும் வேலையைப் போட்டுட்டு நிழலுக்கு ஓடுறாக. பெருமையில எனக்கு இருப்புக்கொள்ளல நாகு.

அண்ணன் திரும்புறப்ப உன் பழைய நூல்சேலை ஒண்ணு கொடுத்துவிடு, வேர்வை துடைக்க. துவைக்கணும்னு இல்ல.

வேன் வந்துருச்சு. நீ முறுக்குச் சுடுற தகரக்கொட்டகையிலயும் இதே புழுக்கந்தான். நான் ஊதுறது காரைக்குடிக்குக் கேக்காது. மத்தியானம் நீயா எந்திரிச்சு வெளிய வந்துரு.