தரையை ஒட்டிய முள்கம்பி

அன்புள்ள ஆரின்,

முழங்கால் அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பக்கத்துப் பண்ணை வெர்னாதான் புதன்கிழமை என்னை பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் அழைத்து வந்தாள். இங்கே பனி கொட்டிக் கிடக்கிறது.

வரும் வழியில், நம் வடக்கு மேய்ச்சல் நில வேலியோரம் ஐம்பது அறுபது கவைக்கொம்பு மான்கள் வழி தெரியாமல் அலைந்துகொண்டிருந்தன. அவை வேலியைத் தாண்டுவதில்லை, அடியில் ஊர்ந்துதான் போகும். அதற்காகத்தானே கோடையில் நாமிருவரும் அடியில் முள்ளில்லாத கம்பியை முழங்கால் உயரத்தில் கட்டினோம்? இப்போது அங்கே மறுபடியும் முள்கம்பி, தரையை ஒட்டி. நுழையப் பார்த்த பெண்மான் ஒன்றின் முதுகு கிழிந்திருந்தது.

“ஒனக்குத் தெரியாதா? ஒன் தம்பிதான் போன வாரம் ஆள் வச்சுக் கட்டினான். கன்னுக்குட்டி வெளிய ஓடுதாம்,” என்றாள் வெர்னா.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது நீ என்ன சொன்னாய்? “வேலி அப்படியேதான் இருக்குக்கா. நீ மொதல்ல காலைப் பாரு.”

ஊன்றுகோலோடு வண்டியிலிருந்து இறங்கி, வெர்னாவின் கம்பிவெட்டியால் மூன்று தூண் தூரத்துக்கு அந்தக் கம்பியை வெட்டி எடுத்தேன். நானும் வெர்னாவும் விலகியதும் காயம்பட்ட மான்தான் முதலில் நுழைந்தது. மற்றவை அதன் பின்னால் போயின.

கேட்டிருந்தால், ஓடும் கன்றுகளை நானே தேடி ஓட்டிவருகிறேன் என்றிருப்பேன். நீ கேட்கவில்லை. உன் பேச்சை நம்பி நிம்மதியாகப் படுத்திருந்தேனே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

போன் செய்யாதே. மிச்சமிருக்கும் முள்கம்பியைக் கழற்ற நேரில் வா.

உன் அக்கா