சொல்லிக்கொள்ளாமல் வந்தேன்

பாப்பாவுக்கு,

உன் கண்காட்சிக்கு நான் வரவில்லை என்று அம்மா போனில் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாது. நான் வந்தேன்.

பாகூரில் பஸ் ஏறும்போது நீ படம் வரைந்து மாட்டியிருப்பாய் என்றுதான் நினைத்தேன். உள்ளே வந்து பார்த்தால், கூடத்தின் நடுவில் நீயே வெள்ளைத் துணி போர்த்திப் படுத்துத் தூங்குகிறாய். சுற்றிலும் ஆட்கள் பேசாமல் நிற்கிறார்கள். 'தூக்கமும் சாவும். விரும்பியவர் எழுப்பலாம்' என்று பலகையில் எழுதியிருந்தது. உன் வயிறு ஏறி இறங்குவதையும் பார்த்தேன். ஆனாலும் என் கை தானாகவே தோள்துண்டை எடுத்துவிட்டது. உன் கால்மாட்டில் நின்று கும்பிட்டேன். சாவு வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாதல்லவா, அதேபோல வாய் திறக்காமல் திரும்பிவிட்டேன்.

ஊர் திரும்பி, நம் வீட்டு வாசல் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு வெளியவே குளிக்கிற? யாரு செத்தது?"

"நெட்டப்பாக்கத்துல ஒருத்தரு" என்றேன்.

மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்குத் தலை முழுகியிருக்கிறேன். எழுதவே கூசுகிறது. தொட்டு எழுப்பியிருந்தால் நீ கண்ணைத் திறந்து சிரித்திருப்பாய்.

அன்று சொல்லாமல் விட்டதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். போயிட்டு வரேன்மா.

அப்பா