அங்கிளைத் தமிழ் பேச வைத்தேன்

12 ஆகஸ்ட், செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. குருபோங் சிக்னலில் தேங்கிய தண்ணீரில் மோட்டோ அணைந்துவிட்டது. தள்ளிக்கொண்டே ஓரம் கட்டி, லேட்டாகத்தான் காலேஜுக்கு. சாக்ஸ் நாள் முழுக்க ஈரம்.

இரண்டாம் ஆண்டு நர்ஸிங் பிள்ளைகளுக்குப் பரீட்சை. காலை வேலை: பொம்மையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா, கையில் நாடி, கண்மணி, வாய்க்குள் ஸ்பீக்கர். எல்லாம் ஓகே. இரத்தப் பைக்குச் சாயம் கலந்தேன். (முன்னே ரோஸ் சிரப் ஊற்றி எறும்பு மொய்த்தது. அந்தத் தப்பு இனி இல்லை.)

பொம்மைக்குப் பேர் அங்கிள். பிள்ளைகள் வைத்தது. மூச்சு விடும், வியர்க்கும், செத்தும் போகும். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அதன் பிரஷரை ஏற்றி இறக்குவது நான். மைக்கில் அதன் குரலும் நான். முன்பு செங் பக்கத்து ஃபேக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்த்தவனுக்கு இப்போது நோயாளி வேஷம்.

இன்றைய கேஸ்: ஏற்றுகிற இரத்தம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குளிர், முதுகுவலி, மூச்சு முட்டல். முதல் காரியம், இரத்தத்தை நிறுத்தவேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

காலையில் ஃபர்ஹானா. நிறுத்தவில்லை. ஃபெயில். பெஞ்சில் உட்கார்ந்து தலையை மூடிய துடோங் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பாவம்தான், என்ன செய்வது என்று நினைத்தேன்.

கடைசியில் கலைவாணி. அலோர் காஜா பக்கத்து எஸ்டேட் பிள்ளை. பேட்சில் ஒரே தமிழ்ப் பொண்ணு. ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்தவள். இன்றும் விழுந்தால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். போர்வை போர்த்தினாள். ஆக்சிஜன் வைத்தாள். ஜுரம் பார்த்தாள். இரத்தம் அதுபாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மைக்கை அமுக்கினேன்.

"யம்மா தங்கச்சி, ரத்தம் ஏத்துனதிலேருந்துதாம்மா இப்புடி பண்ணுது. மொதல்ல அத நிப்பாட்டும்மா."

மூலையில் மார்க் போட்டுக்கொண்டிருந்த லெக்சரர் புவான் ரோஸ்னாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கலை சட்டென்று நிறுத்தினாள். பாஸ்.

நம்ம புள்ள. அந்த நேரத்தில் மண்டையில் இருந்தது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை அப்படியே மூடிவைத்தேன்.

13, புதன்

வெயில். சாக்ஸ் காய்ந்தது.

புவான் கூப்பிட்டனுப்பினார். போச்சுடா என்று போனேன். "பாகுஸ்லா, சேவியர்!" என்று மெச்சி நெஸ்கஃபே வாங்கிக் கொடுக்கிறார்! வலி வந்தால் மனுஷன் தாய்மொழிக்குத்தான் போவான், அதைக் கொண்டுவந்துவிட்டாயே, இதுதான் நிஜம் என்றார். இனி எல்லா கேஸிலும் இப்படி வைக்கலாமாம். மாதக் கூட்டத்தில் என்னைப் பற்றிச் சொல்லப்போகிறாராம்.

பிறகு சாதாரணமாகக் கேட்டார்: அந்த நோயாளி தமிழில் என்ன சொன்னார்?

"முதுகு வலிக்குதுன்னு சொன்னாரு, புவான்."

வாயில் தானாக வந்தது. யோசிக்கக்கூட இல்லை. சீ.

14, வியாழன்

கலை கறிபஃப் கொண்டுவந்தாள். அவள் அம்மா சுட்டது. சூடு ஆறவில்லை.

"அண்ணே, அன்னிக்கு அங்கிள் மட்டும் சொல்லலன்னா நான் காலிதான்லா. நல்லா எழுதியிருக்கீங்க அந்தக் கேஸு."

நான் எழுதியதாம். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். "ம்" என்றேன்.

"இப்பதான் எனக்குத் தைரியமே வந்துச்சு. பேஷண்ட் வாயால கேட்டாலே போதும், பாதி விஷயம் அவங்களே சொல்லிருவாங்கதானே? திங்கக்கிழமை வார்டு ட்யூட்டிண்ணே. ரெண்டாவது மாடி, வயசானவங்க வார்டு."

கறிபஃபைக் கீழே வைத்தேன். அந்த வார்டில் பாதிப் பேருக்குப் பேச்சே வராது. வார்டில் கூடவே ஸ்டாஃப் நர்ஸ் இருப்பார், பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை இரண்டு, பேஷண்ட் முப்பது. யார் யாரைப் பார்ப்பது?

மத்தியானம் ஃபர்ஹானா வந்தாள். "அபாங், கொஞ்சம் ப்ராக்டிஸ் பண்ணலாமா?" அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மெஷின் ரோசாக், கெட்டுப்போச்சு என்றேன். நன்றாக ஓடுகிற மெஷின். "ஓகேலா, தெரிமா காசே" என்று எனக்கே நன்றி சொல்லிவிட்டுப் போகிறது அந்தப் பிள்ளை.

15, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. பொய். எழுதப் பிடிக்கவில்லை.

சமையல் கேஸ் தோம்பு வாங்கவேண்டும். வீட்டுக்காரி ஸ்டெல்லா இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

16, சனி

கலையை வரச் சொன்னேன். காலேஜில் வாசல் கார்ட் மட்டும். "சும்மா ஒரு ப்ராக்டிஸ்மா, வார்டுக்கு முன்னால." அதே கேஸ். அதே சிவப்புத் தண்ணீர். மைக்கை அணைத்தேன். போதாதென்று ஒயரையும் பிடுங்கினேன். என்னை எனக்குத் தெரியும்.

போர்வை. ஆக்சிஜன். ஜுரம். அதே வரிசை, அணுவளவும் மாறவில்லை. பிரஷர் இறங்கியது. இறங்கவிட்டேன்.

அப்புறம் அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குனிந்தாள். அங்கிள் வாயருகே காதை வைத்தாள்.

"சொல்லுங்க அங்கிள். என்னா பண்ணுது? சொல்லுங்க."

அலாரம் அடிக்கிறது. தலைக்கு மேலே இரத்தம் சொட்டுகிறது. அவள் காதை எடுக்கவேயில்லை. "சொல்லுங்க, சொல்லுங்க" என்று அதன் தோளைத் தட்டுகிறாள். அவ்வளவு பிரியமாகத் தட்டுகிறாள். ஒயரை மறுபடி மாட்டக் கை பரபரத்தது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். திரையில் கோடு நேராகிவிட்டது.

வெளியே போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும்.

"அப்ப அது ஸ்கிரிப்ட்ல இல்லையா?"

"இல்லம்மா."

"எனக்கு மட்டுமா? ஃபர்ஹானாவுக்கு?"

அவள் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"ஏண்ணே? நான் கத்துக்குவேன்னு ஒங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. எங்கே நிறுத்தவேண்டும், பிறகு எதை மாற்றவேண்டும், யாரைக் கூப்பிடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கேட்டாள். ஒரு தடவை செய்தும் காட்டினாள். பிறகு போய்விட்டாள். வா என்றபோது சிரித்துக்கொண்டே வந்த பிள்ளை.

17, ஞாயிறு

சர்ச். பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று, பாதியில் விலகிவிட்டேன். ஃபாதர் மன்னித்துவிடுவார். மன்னிப்பு வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை நிம்மதியாக வேலைக்குப் போய்விடுவேன். அதுதான் பயம்.

காரில் ஸ்டெல்லா: "என்னாலா, நாலு நாளா மூஞ்சி ஒடஞ்ச சட்டியாட்டம் இருக்கு?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தாள். சின்னவனுக்கு ஜூஸ் பாக்கெட்டில் ஸ்ட்ராவைக் குத்திக் கொடுத்தாள்.

"அந்தப் புள்ளைக்கு நல்லது பண்ணலங்க நீங்க. நல்லவன்னு ஒங்களுக்குப் பேரு வாங்கிக்கிட்டீங்க."

கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

கேஸ் தோம்பு வாங்கியாயிற்று.

18, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். வழியெல்லாம் வாசகம் தயார் செய்தேன், மலாயில். போனால் புவானே என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

கலை முந்திவிட்டாள். வார்டு பஸ் ஏறாமல் நேரே புவான் அறைக்குப் போயிருக்கிறாள். அந்தப் பாஸ் தனக்கு வேண்டாம், தெரிந்து செய்தது இல்லை, மறுபடி பரீட்சை வையுங்கள் என்றிருக்கிறாள். ஃபெயிலானால் காலேஜை விடவேண்டி வரும், தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியும் என்றாளாம். ஏன் என்று எத்தனை முறை கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

"இப்படி நேர்மையான பிள்ளையை நான் பார்த்ததில்லை, சேவியர். ஃபர்ஹானாவுக்கு மறுபரீட்சை வைக்கும்போது இவளுக்கும் ரூமை ரெடி பண்ணு."

என் பேரையே எடுக்கவில்லை அந்தப் பொண்ணு. "சரி, புவான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. வரப் பார்த்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

"அன்னைக்கு அங்கிள் முதுகு வலிக்குதுன்னு சொல்லல, புவான். ரத்தத்த நிறுத்துன்னு சொன்னாரு. நான்தான் சொன்னேன்."

தயார் செய்த மலாய் எல்லாம் எங்கோ போய்விட்டது. அரைகுறை மலாயில் இது மட்டும் வந்தது.

புவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேற யாருக்கெல்லாம்?"

கலைக்கு மட்டும்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது: படித்து முடித்துப் போன பேட்சில் ஒரு பையன். தடுமாறினான் என்று பிரஷர் இறங்குவதைக் கொஞ்சம் மெதுவாக்கினேன். அதற்கு முன்னால் அழுதுகொண்டே பரீட்சைக்கு வந்த ஒருத்தி. அவள் நெஞ்சை அமுக்கியது சரியாக இல்லை. நாடியை நான்தான் திருப்பிக் கொண்டுவந்தேன். இதையெல்லாம் ஒரு நாளும் தப்பு என்று நினைத்ததில்லை. கூட்டிப் பார்த்ததும் இல்லை.

இரண்டு பேரும் இப்போது வார்டில் நர்ஸ்.