லிப்டைச் சரிசெய்துவிட்டுப் படியில் போகச் சொன்னவளுக்கு

என் திருகாணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். அங்கே நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், ஏனென்றால் உன்னைத் திட்டப் போகிறேன், உடம்பு சரியில்லாத பிள்ளையைத் திட்டக் கூடாது. போனில் பேசினால் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் உனக்கு அழுகை வந்துவிடும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். கடிதமென்றால் கடைசி வரை கத்தலாம்.

அம்மாவின் முட்டி இப்போது தேவலை. கோலை ஊன்றி நடக்கிறாள், அதே கோலை நீட்டி என்னை வேலையும் வாங்குகிறாள். அண்ணன் பிள்ளைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் உன் சித்தப்பா மாதிரியே இருக்கிறான். அந்தச் சித்தப்பாதான் நேற்று போன் செய்தான். அவன் குடியிருக்கும் கட்டடத்து லிப்டை நீ சரிசெய்த கதையை ஒன்று விடாமல் சொன்னான். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பழுது பார்த்தாய், சரி. ஏற்றி இறக்கிச் சோதித்தாய், அதுவும் சரி. ஆள் ஏறுகிற சாமான், பத்துத் தடவை பார், வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாம் பார்த்து முடித்து, ஒரு குறையும் இல்லை என்று தெரிந்த பிறகு, கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டு வந்தாயாமே, அவசரமில்லாதவர்கள் இரண்டு நாள் படிக்கட்டைப் பயன்படுத்தவும் என்று. சமைத்தவளே தட்டை வைத்துவிட்டு, எதற்கும் நீங்கள் வெளியே சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றால் எவன் கை நனைப்பான்? அது போதாதென்று மறுநாள் காலையில் ஒரு போன், மத்தியானம் ஒரு போன், ஓடுகிறதா, சத்தம் வருகிறதா, நடுவில் நிற்கிறதா என்று. அந்தக் கட்டடத்துச் செயலாளர் பயந்துபோய் உன் பழைய கம்பெனியையே கூப்பிட்டுவிட்டார். வந்த மெக்கானிக் மேலே போய் மோட்டார் அறையைத் திறந்து பார்த்தானாம், பிரேக்கைப் பார்த்தானாம், ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் இறங்கி வந்து சித்தப்பாவிடம், "யாருங்க இத செஞ்சது, ரொம்ப சுத்தமா செஞ்சிருக்காங்க, எனக்கு இங்க வேலையே இல்ல" என்றானாம். ஆனாலும் உனக்கு வர வேண்டிய மாதாந்திரப் பராமரிப்பு வேலை கம்பெனிக்குத்தான் போயிற்று. வேலை தெரியாமல் நீ தோற்றிருந்தால் எனக்கு வருத்தம் வந்திருக்கும், இப்படிப் பற்றிக்கொண்டு வந்திருக்காது.

இந்த லட்சணத்தில் எனக்கு எழுதியிருக்கிறாய், சொந்தத் தொழில் எனக்கு ஒத்துவராது, திங்கட்கிழமை கம்பெனிக்குப் போய்ப் பழைய மேனேஜரைப் பார்க்கிறேன், அவர் பெரியப்பாவுக்குத் தெரிந்தவர், பெரியப்பாவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள் என்று. சொல்ல மாட்டேன். அதற்காகப் பெரியப்பா வீட்டு வாசலை மிதிக்கவும் மாட்டேன். மாதச் சம்பளத்தை விடாதே என்று அன்றைக்கு வீடு இரண்டுபடக் கத்தியவன் நான்தான், அதில் ஒரு வார்த்தையைக்கூட இப்போதும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் அவ்வளவு கத்தலுக்கும் நீ அசையவில்லை. லிப்டில் வேலை பார்த்தவளை நாற்காலியில் உட்காரவைத்தால், வருகிற புகாரை எழுதிக்கொண்டிருக்க என்னால் ஆகாது, என் கையால் வேலை செய்யணும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னாய். சின்ன வயதில் வீட்டில் ஒரு திருகாணியையும் விட்டுவைக்காமல் கழற்றிப் போட்டு அந்தப் பெயரை வாங்கினவளாயிற்றே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அப்படி என்னை எதிர்த்து நின்றவள், எவரோ ஒரு செயலாளர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்பதற்காக மூட்டை கட்டுகிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? என்னைவிட அந்த ஆள் பெரிய ஆளா?

உன் கோளாறு என்னவென்று எனக்குத் தெரியும். கம்பெனியில் நீ வேலையை முடித்ததும் மேலதிகாரி வந்து பார்ப்பார், தலையாட்டுவார், கையெழுத்துப் போடுவார், நீ நிம்மதியாக வீட்டுக்குப் போவாய். இப்போது தலையாட்ட ஆளில்லை. அதனால் வருகிறவர் போகிறவரையெல்லாம் தலையாட்டச் சொல்கிறாய். காய்கறிப் பையோடு லிப்டில் ஏறுகிறவருக்கு உன் பிரேக்கைப் பற்றி என்ன தெரியும்? சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியவள் இனிமேல் நீதான். சொல்லிவிட்டு, சாமானை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். பயமாக இருந்தால் தெருமுனையைத் தாண்டிப் போய்ப் பயந்துகொள், யார் வேண்டாம் என்றார்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். போன தடவை வந்தபோது நம் கட்டடத்து லிப்டைச் சரிசெய்தாயே, அப்போதும் இதே மாதிரி ஒரு தாளை ஒட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினாய். அம்மா ஆபரேஷன் முடிந்து நடக்க ஆரம்பித்த புதிது. உன்னை வழியனுப்பிவிட்டு வந்து தாளைப் பார்த்த நான், அவளே சொல்கிறாளே, மெதுவாகப் படியிலேயே ஏறிவிடுவோம் என்றேன். அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தாள். லிப்டுக்குள் போய், "நீங்க படியில வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நாலு மாடி ஏறி மூச்சு வாங்க வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் டீ போட்டுக் குடித்தே முடித்துவிட்டிருந்தாள்.

திங்கட்கிழமை கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. சித்தப்பா கட்டடத்துக்குப் போ. உன் தாள் இன்னும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். நாலு பேர் பார்க்க அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதே லிப்டில் ஏறி மேலே போய், சித்தப்பா வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வா. மறந்துவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். அவளுக்கு உன்மேல் கோபம் இல்லையாம், எனக்கு மட்டும்தான்.

இப்படிக்கு,
அது இன்னும் தீராத
உன் அப்பா