பழைய செருப்புக்கு நீ எழுதிய பதில்

அன்பு மகனுக்கு,

கர்த்தர் உன்னையும் மருமகளையும் சுகமாகக் காப்பாராக. அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்து ஒன்பது நாள் ஆகிறது. பயப்பட ஒன்றுமில்லை. மாதம் முடியும்வரை போனைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மனிதர் கூண்டுப் புலியாக வீட்டுக்குள் சுற்றுகிறார்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். இது அவர் காதில் விழக் கூடாத விஷயம்.

மூன்று மாதத்துக்கு முன் உன் வலைப்பதிவில் ‘பழைய செருப்பு’ என்ற பெயரில் ஒருவர் கேள்வி கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? விசுவாசம் வற்றிப்போனவன் ஆராதனையில் நின்று வேதபாடம் வாசிக்கலாமா என்று? கேட்டது உன் அப்பா.

எனக்கே போன வாரம்தான் தெரியும். அந்தக் கேள்விக்குக் கீழே புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா பார் என்று போனை என்னிடம் நீட்டினார். வாசிக்க வாசிக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்படிப்பட்டவன் மாய்மாலக்காரன், உடனே இறங்கிவிட வேண்டும், முகமூடி போட்டுக்கொண்டு கேட்கிறவர்களின் ஆவியைச் சபையார் பகுத்தறிய வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கீழே முப்பது பேர் ஆமென் போட்டிருக்கிறார்கள். அவர் கேட்ட ஆறாவது நிமிஷம் உன் பதில் வந்திருக்கிறது.

மறுநாளே அப்பா போதகரிடம் போய், வாசிக்கிறவர்கள் பட்டியலிலிருந்து தன் பேரை எடுக்கச் சொல்லியிருக்கிறார். தொண்டை சரியில்லையாம். லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு கிரீஸும் கையுமாக வந்தாலும், சனிக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டு மறுநாள் பகுதியை நான்கு தரம் சத்தமாக வாசித்துப் பார்ப்பாரே, அதெல்லாம் நின்றுபோயிற்று. நானும் தொண்டை என்றே நம்பி வெந்நீரும் தேனும் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் புத்தியை என்ன சொல்ல! போன ஞாயிறு கண்ணைச் சாக்குச் சொல்லி ஆலயத்துக்கே வரவில்லை.

என்னதான் ஆயிற்று என்று கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை, “நாலு வருஷமா ஜெபிக்க உக்காந்தா ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டற மாதிரி இருக்கு” என்றார். மகனிடம் நேராகவே கேட்டிருக்கலாமே என்றேன். “அப்பான்னு தெரிஞ்சா பூசி மெழுகுவான். எனக்கு நெஜமான பதில் வேணும். அது கெடச்சிடுச்சு” என்றார். உன்மேல் துளிக் கோபம் இல்லை. பையன் தைரியமாக எழுதுகிறான் என்று பெருமைதான் படுகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கினார். மீறிவிட்டேன்.

கள்ளப் போதகர்களை நீ தோலுரிப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உன் பதிலின்படி நானும் ஓய்வுநாள் பள்ளியை விட்டு இறங்க வேண்டியவள். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு வருஷம் முழுக்க எனக்கும் அப்படித்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். எப்போது திரும்பி வந்தது என்று எனக்கே தெரியாது. இறங்கியிருந்தால் வந்திருக்குமா என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அப்பா என்பதற்காகப் பதிலை மாற்றாதே. கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் எந்தப் பதிலையும் நம்பமாட்டார். முன்பின் தெரியாத ஒருவர் கேட்டதாகவே வைத்துக்கொண்டு, நீ எழுதியது சரிதானா என்று முழங்காலில் நின்று யோசி. சரியென்று பட்டால் விட்டுவிடு, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். தப்பென்று பட்டால் அந்த முப்பது பேரும் பார்க்கிற இடத்திலேயே எழுது. மாதக் கடைசியில் போனைக் கையில் எடுத்ததும் அவர் முதலில் அங்கேதான் போவார்.

உனக்கு எழுதும் கடிதத்தையெல்லாம் ‘அப்பாவும் நானும் உனக்காக ஜெபிக்கிறோம்’ என்றுதான் முடிப்பேன். இன்றைக்கு அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். நான் ஜெபிக்கிறேன். நீ அப்பாவுக்காக ஜெபி.

உன் அம்மா