மீசை வைத்த பூசணிக்காய்

சேலையூர்
6.10.2025

என் அருமை அனுப்பிரியா கண்ணுவுக்கு,

உன் மாமன் ஜெயவேலு ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை கதிரேசனும் குட்டி தேவதர்ஷினியும் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று ஆயுத பூஜையன்று என் ஆம்ப்ளிஃபயர் முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன்.

நீ போனில் பேசியது பாதிதான் விழுந்தது. என் காதில் ஒரு குறையும் இல்லை, சிறுசேரிப் பக்கம் டவர் சரியில்லை. "ஹலோ வீணா, ஹலோ வீணா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். "வீணான்னு இங்க யாரும் இல்லம்மா, நான் மாமா பேசறேன்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். எதிர்வீட்டு ஜெயக்கொடி வெளியே வந்து, "இன்னாண்ணா, மைக் டெஸ்டிங்கா? கொழந்த தூங்கிக்கினு கீது" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அப்புறம் ஆபீஸ் வேன் ஓட்டுகிற நம் லோகநாதனிடம் நீ கொடுத்தனுப்பிய சீட்டைப் படித்த பிறகுதான் அது ஹாலோவீன் என்று விளங்கிற்று. வெள்ளைக்காரர்களின் பேய்த் திருவிழா. பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் என்று எனக்கே விளக்கியிருக்கிறாய். சிரிப்பு வந்தது. எண்பத்தாறிலேயே பல்லாவரத்தில் ஒரு துரை வீட்டு ஹாலோவீனுக்கு சவுண்ட் சர்வீஸ் செய்தவன் நான். நான் கொடுத்த எக்கோவில் துரையே பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

பாப்பாவுக்கு வேஷம், வாசலுக்கு அலங்காரம், எல்லாம் என் பொறுப்பு. மாப்பிள்ளைக்கு வேலை போயிருக்கிற நேரத்தில் நீ கடைப் பக்கமே போகாதே. என் குடோனில் கிடக்கிற சாமானில் ஒரு சர்க்கஸையே கிளப்பலாம்.

நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது நடந்த மாறுவேடப் போட்டி நினைவிருக்கிறதா? உன் அம்மாவுக்கு, அதாவது என் அக்கா தையல்நாயகிக்கு, பெயரில்தான் தையல். ஊசியில் நூல் கோக்கவே என்னைக் கூப்பிடுவாள். பழைய மெத்தைப் பஞ்சும் பந்தலில் மிஞ்சிய வெள்ளைத் துணியும் வைத்து உன்னைப் பூசணிக்காயாக்கினேன். வகுப்புக் கதவில் நீ நுழையவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஆசாரியை வரவழைத்துக் கதவையே கழற்றச் சொன்னார்கள். முதல் பரிசு, வெள்ளிக் கோப்பை. இன்றைக்கும் தாம்பரத்தில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வேஷத்தை நானே கொண்டுவந்து மாட்டிவிடட்டுமா? கட்டத் தெரியாதவர்கள் கட்டினால் நடுவழியில் அவிழும். உன் புதுமனை புகுவிழாவுக்கு வந்தவன்தான், அப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை. பாப்பா வளர்ந்திருப்பாள்.

உன் தாய்மாமன்,
ஒலிச் சக்கரவர்த்தி ஜெயவேலு
ஜெயவேலு சவுண்ட் சர்வீஸ்
(கிளைகள் கிடையாது, தேவைப்படவில்லை)


சிறுசேரி
9.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அவரும் நானும் நிறையச் சிரித்தோம். வீட்டில் இப்படிச் சிரித்து நாளாயிற்று. அவருக்கு இரண்டு இடத்தில் இன்டர்வியூ முடிந்திருக்கிறது, பார்க்கலாம்.

கதவை யாரும் கழற்றவில்லை, மாமா. என்னைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே தள்ளினீர்கள், அதில் பஞ்சு பிதுங்கிக்கொண்டு வந்தது. கிடைத்தது மூன்றாம் பரிசு, ஒரு பச்சை சோப்பு டப்பா. இன்னும் வைத்திருக்கிறேன். தர்ஷினி அதில் ரப்பர் பேண்டு போட்டு வைக்கிறாள்.

31ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம். பக்கத்து ஃப்ளாட் பிள்ளைகளுக்கெல்லாம் ஆன்லைனில் டிரஸ் வந்துவிட்டது. இவள் தினமும் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டாலாவது தேவலை. ஆறு வயதில் இது ஏன் இப்படி இருக்கவேண்டும்?

நீங்கள் செய்ததை லோகநாதன் அண்ணனிடமே கொடுத்தனுப்புங்கள், மாமா. அவ்வளவு தூரம் நீங்கள் அலையவேண்டாம். குடியிருப்பவர்கள் மட்டும்தான் என்று அசோசியேஷனிலும் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
அனு


சேலையூர்
14.10.2025

கண்ணு அனுவுக்கு,

மாமன் எழுதுவது. மூன்றாம் பரிசு என்று யாரோ உன் மனதைக் கலைத்திருக்கிறார்கள். கோப்பையை அக்காதான் பத்திரமாக எங்கோ வைத்துவிட்டாள். போகட்டும்.

முதல் பெட்டி அனுப்பியிருக்கிறேன். மேலே இருக்கிற கறுப்பு உருப்படிகள் வௌவால்கள். முட்டை அடுக்குகிற அட்டையில் மும்மூன்று குழியாக வெட்டி, நடுக்குழியைத் தலையாக்கி, ஓரத்துக் குழிகளை இறக்கையாக விரித்து, அடுப்புக்கரியும் பசையும் கலந்து பூசியது. நூல் கட்டி ஃபேனுக்குக் கீழே தொங்கவிடு. ஸ்பீடு ஒன்றிலேயே இருக்கட்டும், இரண்டில் வைத்தால் நிஜமாகவே பறந்துவிடும்.

சூனியக்காரக் கிழவி வேஷத்தின் கூம்புத் தொப்பிக்கு அளவு எடுத்தது என் குழாய் ஸ்பீக்கரிலிருந்து. காலண்டர் அட்டைமேல் கறுப்புக் குடைத்துணி ஒட்டியிருக்கிறேன். தொப்பிக்குக் கீழே முழங்கால் வரை தொங்குகிறதே, அந்த முடியைப் பார்த்தாயா? கேசட் நாடா! விளக்கு வெளிச்சத்தில் பாம்பு மாதிரி மினுக்கும். நடந்தால் சரசரவென்று சத்தம் வரும் என்று லோகநாதன் சொன்னான். ஆன்லைன்காரன் தலைகீழாக நின்றாலும் இப்படி ஒரு சடாமுடி வராது.

பாப்பாவிடம் ஒரு கதை சொல். வண்டலூர் ரோட்டில் ஒரு கோயில் திருவிழா முடிந்து நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பேய் வந்து, "அண்ணா, கொஞ்சம் மைக் குடு, எனக்கும் பாடணும்" என்று கேட்டது. கொடுத்தேன். நன்றாகத்தான் பாடியது. சுருதி மட்டும் சேரவில்லை.

தொப்பி தலையில் சரியாக உட்காருகிறதா என்று நான் வந்து பார்த்தால் நல்லது. குடியிருப்பவர்கள் மட்டும்தான் என்றால், நான் வாட்ச்மேன் பக்கத்தில் நின்றாவது பார்த்துவிட்டுப் போகிறேன்.

உன் மாமன்,
ஒலிச் சக்கரவர்த்தி ஜெயவேலு


சிறுசேரி
24.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தீபாவளி இங்கே மழையில் கழிந்தது. அங்கே தண்ணீர் நிற்கவில்லையே?

தொப்பியைத் தர்ஷினி தலையிலிருந்து எடுக்கவே விடவில்லை. அதோடுதான் தூங்கினாள். வௌவால்கள் ஃபேனில் சுற்றுகின்றன. "உங்க மாமா என்னை ஸ்பீடு ரெண்டுல வைக்க விட மாட்டாரா?" என்று அவர் வியர்த்துக்கொண்டு கேட்கிறார்.

மாமா, அந்த நாடா. பெட்டியின் அடியில் ஒரு காலி கேசட் கிடந்தது. அதன் மேல் அம்மா கையெழுத்தில் 'வரவேற்பு' என்று இருக்கிறது. அம்மா கல்யாணத்தில் நாதஸ்வரத்தை ரெக்கார்டு செய்தீர்களே, அதுவா? உங்கள் அலமாரியில் யாரையும் தொடவே விடமாட்டீர்களே. எல்லாவற்றையும் உருவிவிட்டீர்களா?

இன்னொரு உதவி. வீட்டுக்கு ஒரு பூசணிக்காய் வாசலில் இருக்கவேண்டுமாம், பயமுறுத்துகிற முகத்தோடு. முகம் எழுத உங்களை விட்டால் எனக்கு யாரைத் தெரியும்? ஒன்று எழுதி அனுப்ப முடியுமா? 

வாட்ச்மேன் பக்கத்திலெல்லாம் நிற்கவேண்டாம், மாமா. மழை நேரம். போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அனு


சேலையூர்
29.10.2025

கண்ணுவுக்கு,

மாமன் எழுதுவது. பூசணிக்காய் லோகநாதன் வேனில் முன்சீட்டில் பெல்ட் போட்டு வருகிறது. தாம்பரம் மார்க்கெட்டில் முப்பது காயைத் தட்டிப் பார்த்து எடுத்தது. நல்ல வெள்ளைச் சாம்பல் பூத்த காய். அதில் ராட்சச முகம் எழுதியிருக்கிறேன். முட்டைக்கண், கோரைப்பல், முழ நீள நாக்கு, காது வரை முறுக்கின மீசை. உச்சியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்திருக்கிறேன். தாம்பரம் முதல் மேடவாக்கம் வரை புதுக் கட்டடங்களில் தொங்குகிற முகமெல்லாம் என்னைப் பார்த்து எழுதியதுதான். என் முகத்தைப் பார்த்து அல்ல, என் கைவேலையைப் பார்த்து. எழுதி முடித்துத் திரும்பியதும் அதன் முறைப்பில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

வாசலில் உறியில் தொங்கவிடு, தரையில் வைக்காதே. அமாவாசையன்று சுற்றி உடைத்துவிடவேண்டும். அதை நீயாகச் செய்யாதே. மாப்பிள்ளைக்கும் பழக்கம் இருக்காது.

நாடாவைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், அந்த நாதஸ்வரமும் அதில் இருக்கிறது. அலமாரியில் அடுக்கி வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது? எனக்கு எல்லாம் மனப்பாடம். கண்ணை மூடினால் தவில்காரர் எந்த இடத்தில் தும்மினார் என்பது வரை வரும். பாப்பா தலையில் ஆடட்டும். அக்கா மேலே இருந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள்.

31ஆம் தேதி எனக்குக் கீழ்க்கட்டளையில் பெரிய புரோகிராம் வந்துவிட்டது. எட்டு பாக்ஸ், பதினாறு குழாய். நீ கூப்பிட்டாலும் வர முடியாது. அதனால் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே.

பிள்ளைகள் எத்தனை மணிக்குச் சுற்ற ஆரம்பிப்பார்கள்? சும்மாத்தான் கேட்டேன்.

ஜெயவேலு சவுண்ட் சர்வீஸ்


சிறுசேரி
3.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உங்களைப் போல எனக்குப் பெருக்கி எழுத வராது.

எல்லார் வாசலிலும் ஆரஞ்சு நிறத்தில் பரங்கிக்காய், மாமா. கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கு ஏற்றி. நான் பூசணிக்காய் என்று எழுதியதால் வந்த வினை. நம் வாசலில் மட்டும் மீசையோடு உங்கள் வெள்ளை ராட்சசன். அசோசியேஷன் செக்ரட்டரி சத்யநாராயணன் சார் வந்து பார்த்துவிட்டு, "மேடம், தீம் ஆரஞ்ச்னு குரூப்ல போட்டிருந்தேனே" என்றார். எனக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் மாடிப்படி பெருக்க வந்த அங்காளம்மாள், துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "யக்கா, இன்னா மொறைப்பு மொறைக்குது! இத்தப் பாத்தா எந்தக் கண்ணும் அண்டாது" என்றாள்.

பிறகு பிள்ளைகள் வந்தார்கள். ஆரஞ்சுக் காய்களைக் கையால் தட்டி விளையாடிக்கொண்டு வந்த கூட்டம், நம் வாசலில் அப்படியே நின்றது. ஒரு வாண்டு அழுதே விட்டது. ஒருவரும் கிட்டே வரவில்லை. அப்போது நம் ஊமைக்கோட்டான் தர்ஷினி என்ன செய்தாள் தெரியுமா? தொப்பியும் நாடாவும் சரசரக்க வெளியே போய், அதன் மீசையைத் தடவிக் கொடுத்தாள்.

"பயப்படாதீங்க, இது எங்க சேலையூர் தாத்தா சொன்னா கேக்கும். அவர் பேய்க்கே மைக் குடுத்தவரு. ஒண்ணு இல்ல, பத்துப் பேய். ஃபுல்லா ஆர்கெஸ்ட்ரா!"

"பொய்!" என்றான் ஒருவன்.

"வேணும்னா முடியத் தொட்டுப் பாரு. இதுக்குள்ள பாட்டு கீது."

'கீது' என்றாள், மாமா. எங்கிருந்து வந்தது? வரிசையாக எல்லாப் பிள்ளைகளும் வந்து அவள் முடியைக் காதில் வைத்துக் கேட்டார்கள். கேட்கிறது என்று சிலர் சத்தியம்கூடச் செய்தார்கள். ஒன்று இல்லை பத்து என்று அவள் சொன்னபோது திருத்தலாமா என்று வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடு, அவ பேசறா" என்றார். மறுநாள் சத்யநாராயணன் சார் புதுக் கார் எடுத்திருப்பதாகச் சொல்லி, இதே மாதிரி மீசையோடு ஒன்று கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார்.

இன்று காலையில் லோகநாதன் அண்ணனைப் பார்த்தேன். கீழ்க்கட்டளை புரோகிராம் எப்படி நடந்தது என்று கேட்டேன். "இன்னா புரோகிராம்மா? அண்ணன் ஷட்டரத் தொறந்தே நாலு மாசம் ஆவுது. வெள்ளிக்கெழம சட்டையெல்லாம் போட்டுக்கினு ஆறு மணி வரைக்கும் வேன்கிட்டதான் நின்னுக்கினு இருந்தாரு. ஏறுண்ணான்னேன், ஏறல" என்றார்.

குடியிருப்பவர்கள் மட்டும் என்று அசோசியேஷனில் யாரும் சொல்லவில்லை, மாமா. நான்தான் சொன்னேன். புதுமனை புகுவிழாவில் நீங்கள் பேசியது மொட்டைமாடி வரை கேட்டது என்று யாரோ சிரித்தார்கள். அதையே நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

வரும் அமாவாசைக்கு ராட்சசனை உடைக்கவேண்டும். எங்களுக்குப் பழக்கமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலையில் லோகநாதன் அண்ணன் வேனில் ஏறுங்கள். நான்கு நாள் இருக்கிற மாதிரி துணி எடுத்து வாருங்கள். எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசுங்கள். ஆர்கெஸ்ட்ரா கதையை உங்கள் வாயால் கேட்கவேண்டும் என்று ஒரு ஃப்ளோர் பிள்ளைகள் முழுக்கக் காத்திருக்கிறார்கள்.

உங்கள் பூசணிக்காய்,
அனு


சேலையூர்
5.11.2025

அனுவுக்கு,

வருகிறேன்.

டவர்மேல் தப்பில்லை, கண்ணு. காது போய் இரண்டு வருஷம் ஆகிறது. நாடா சரசரப்பதுகூட லோகநாதன் சொல்லித்தான் தெரியும். பாப்பாவை என் மடியில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் பேசச் சொல். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன்.

பேய்க்கு மைக் கொடுத்தது மட்டும் நிஜம். ஆனால் பத்து இல்லை, பன்னிரண்டு.

மாமா