உனக்கெனப் புதைத்த சாடி

மகளே,

நீ பிறந்த இலையுதிர்காலத்தில் நம் தோட்டத்து மண்ணில் நான் புதைத்த மதுச்சாடியைத் திறந்துவிட்டேன். உன் திருமண விருந்தில்தான் அதன் வாய்க்கல்லை அகற்றுவேன் என்று அன்று ஊரறிய உறுதி கூறியிருந்தேன். நீயோ தலைநகர் திபிலீசியில், தந்தையின் வாழ்த்துரை இல்லாமலே மணம் முடித்துக்கொண்டாய்.

இருபத்தாறு ஆண்டுகள்! திராட்சைத் தோலோடும் காம்போடும் நொதித்த அந்த மது, காட்டுத்தேனின் நிறத்தில் ஒளிர்ந்தது, சிறிதும் கெடவில்லை. அண்டை வீட்டு எலிஸ்பார் ஒரு மிடறு பருகிவிட்டு, "அடப்பாவி, இத்தனை வருசமா இதையா ஒளிச்சு வச்சிருந்தே!" என்று கூவினான். சுற்றிலும் கறுப்புடைகளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான்.

உன் தாய்க்கு அது கிடைக்கவில்லை. படுக்கையில் கிடந்தபடி மூன்று நாள் கேட்டாள்.

"ஒரு கிண்ணம் மட்டும் மொண்டு குடுங்க. எம்பொண்ணு கல்யாணத்துல குடிச்சதா நெனச்சுக்கறேன்."

"அவளே வந்து கேக்கட்டும்."

"அப்ப அவளுக்குச் சொல்லி அனுப்புங்களேன்."

அனுப்பாமலே, அனுப்பிவிட்டேன் என்றேன். அன்றுமுதல் அவள் முகம் வாசற்பக்கமே திரும்பியிருந்தது.

அவளுடைய இறப்பு விருந்தில், ஒவ்வொரு கிண்ணத்துக்கும் உரை சொல்லும் மேசைத்தலைவனாக நானே நின்று உரையாற்றினேன். துக்க வீட்டு முறைப்படி கிண்ணங்களை எவரும் மோதவில்லை. அவள் பெற்ற பிள்ளைகளுக்காகப் பருகும் முறை வந்தபோது, அவளுக்குப் பிள்ளைகளே இல்லை என்று முழங்கினேன்.

நாற்பதாம் நாள் சடங்கும் நேற்றோடு முடிந்தது. சாடியைக் கழுவிச் சுண்ணாம்பு பூசிவிட்டேன். விரும்பினால் இனி நீ வரலாம். வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க எவரும் இல்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்